பெண்கள் பெட்டிக்காக எழுதிய இரண்டு கடிதங்கள்

போன வாரம் இளம் ஆசிரியர்கள் உங்களில் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். சீனியர் வகுப்புக்கு அந்தப் புரட்சிக்கால உரைநடையை எப்படி நடத்துவது, பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களே என்று கேட்டீர்கள். நான் தேநீர் கொடுத்து, முறுக்கு கொடுத்து, பதில் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பெருமை பேசிவிடுவேனோ என்ற பயம். எழுதினாலும் பெருமைதான் பேசப்போகிறேன். ஆனால் எழுத்தாக இருந்தால் நீங்கள் நடுவில் எழுந்து போகலாம், எனக்குத் தெரியவும் தெரியாது.

நான் வேலை பார்த்தது கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில். நான் சொல்லப்போவது முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்த இலாகாவில் யாருடைய சீட்டு எப்போது கிழியும் என்று தெரியாமல் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அண்ணன் ரயில்வேயில் கிளார்க், வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருடத்துப் பாடப் புத்தகத்தில், அமெரிக்காவில் குடியேறியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அரசரோடு முறைத்துக்கொண்டு பிரிந்துபோன காலத்து எழுத்துகள் சில இருந்தன. ஒரு துண்டுப் பிரசுரத்தில் சில பக்கங்கள், ஒரு சபைப் பேச்சு, குறைகளை வரிசையாக அடுக்கிச் சொன்ன ஓர் அறிக்கை. அதே இங்கிலாந்துச் சிம்மாசனத்தின் கீழே இருந்த நம் ஊரில் இதைப் பாடமாக வைத்த புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெண்கள் உட்கார்ந்து இதைப் படிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் தலைமையாசிரியை ஸ்காட்லாந்துக்காரர். தங்கமான மனுஷி, ஆனால் அரசாங்க மானியம் என்ற பேச்சு வந்தால் முகம் வெளுத்துவிடும். பாடம் தொடங்குவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "நடையை மட்டும் நடத்து. விஷயத்துக்குள் போகாதே" என்றார். மீனைக் கழுவு, ஆனால் கை நனையக்கூடாது என்பது மாதிரி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்குத் தலையாட்டத் தெரியும், அந்த வித்தை தெரியாமல் அந்தக் காலத்தில் யாரும் வாத்தியார் வேலையில் நிலைத்ததில்லை.

வகுப்பில் நான் கேட்பது மூன்றே கேள்விகள். இவர் யாரிடம் பேசுகிறார்? அந்த ஆள் ஏற்கெனவே எதை நம்புகிறார்? கடைசியாக, இவருக்கு என்ன வேண்டும், ஒரே வாக்கியத்தில் சொல். மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லோரும் முழிப்பார்கள். சுதந்திரம், நீதி, மனித குலம் என்று வாய் நிறையச் சொல்வார்கள். "அதெல்லாம் சாமி பேரு. உனக்கு என்ன வேணும்?" என்று நான் மேசையைத் தட்டுவேன். சாக்பீஸும் எறிந்திருக்கிறேன். இப்போது நீங்கள் எறியக்கூடாது, சட்டம் மாறிவிட்டது.

சீனியர் வகுப்பில் பதினொரு பெண்கள். அதில் மூன்று பேர் தினமும் கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள். அந்த மூவரில் ஒருத்தி கமலம். ஒல்லியாக, எண்ணெய் வழித்து வாரிய தலையோடு, கடைசி பெஞ்சில் இருப்பாள். குறைகளின் வரிசையை நடத்திய அன்று அவள் எழுந்து ஒன்று சொன்னாள். "மிஸ், இவங்க எங்கயும் திட்டவே இல்ல. என்ன நடந்துச்சோ அதை ஒண்ணு ஒண்ணா சொல்றாங்க, அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் நாமளே திட்டிக்கிறோம்." அதற்குப் பிறகு நான் வருஷக்கணக்காக அந்தப் பாடத்தை நடத்தியும் அவ்வளவு சுருக்கமாக யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி, "சரி, வெங்காயத்தை உரி" என்றார்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அந்த மனிதர்கள் முதலில் பணிவாகத்தான் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை, அந்தச் செய்தியையும் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள் என்று. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் கிள்ளான் ஸ்டேஷனில் அறிவிப்பு ஒட்டினார்கள். வரும் முதல் தேதியிலிருந்து காலை ரயிலிலும் மாலை ரயிலிலும் பெண்கள் பெட்டி கிடையாது. போதிய ஆள் ஏறாததால், செலவைக் குறைக்க எடுக்கிறோம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பெட்டி இருந்ததால்தான் அந்த மூன்று பெண்களும் வீட்டு வாசலைத் தாண்டினார்கள். மறுநாள் மத்தியானம் கமலத்தின் அப்பா பள்ளிக்கு வந்தார். கிள்ளானில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தி. கடைக்கு வாரத்தில் ஏழு நாளும் திறப்பு. முதலாளி ஏதோ துணி வாங்க இங்கே அனுப்பியதால், அந்த அரை மணி நேரத்தைத் திருடி என்னைப் பார்க்க வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நின்னே பழகிப்போச்சு டீச்சரம்மா. கடையில உக்காந்தா முதலாளிக்குப் பிடிக்காது."

"இங்க முதலாளி இல்ல, உக்காருங்க."

"பரவால்ல." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "இந்த மாசம் முடியற வரைக்கும் கமலம் வரும். அதுக்கு மேல நிப்பாட்டிக்கிறேன். ஆம்பிளைங்க நெருக்கிக்கிட்டு வர்ற பெட்டியில ஒரு மணி நேரம் எப்படி அனுப்புவேன்? வழியில பத்து தீகா ஸ்டேஷன்ல வேலைக்குப் போற கூட்டம் ஏறும், நிக்க இடம் இருக்காது. நான் கெட்டவன் இல்ல டீச்சரம்மா."

"நீங்க கெட்டவருன்னு நான் சொல்லலையே. பரீட்சைக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. நாங்க ரயில்வேக்கு எழுதிக் கேக்கறோம்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "கடுதாசி எழுதி ரயில்ல பெட்டி மாட்ட முடியுமா? படிச்சவங்க நீங்க, சொல்லுங்க."

முடியும் என்று சொன்னேன். மற்ற இரண்டு பெண்களின் வீட்டிலும் அதே பேச்சுதான். கமலத்துக்குப் படிப்பு நின்றால் உடனே கல்யாணம், மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவள் படிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது. ஒளித்து என்ன, பதினொரு பேரில் அவள்தான் என் செல்லம்.

இனி என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எழுது. எங்க இலாகாவுக்கு எழுதற, நாம இருக்கறது அவங்க வீடு. என் பேரு வராம எழுது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மாதம் அவர் பகுதியிலேயே இரண்டு பேர் சீட்டு கிழிந்து வீட்டைக் காலி செய்திருந்தார்கள். பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் புரட்சிக்கால உரைநடை நடத்திய நான், மறுநாள் சாயங்காலம் நேராக எங்கே போனேன் தெரியுமா? கோர்ட்டுப் பக்கம் கடை வராந்தாவில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டிஷன் ரைட்டரிடம்.

அந்தக் காலத்தில் நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். துரைமாருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றால், எம்.ஏ. படித்தவனும் அந்த வராந்தாவுக்குப் போவான். பெட்டிஷனுக்கென்று ஒரு பாஷை, ஒரு வளைவு, அது இல்லாவிட்டால் துரை படிக்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அவரும் தொழில் தெரிந்தவர். டக்கு டக்கென்று தட்டி, இரண்டு பக்கத்துக்கு அழகாக அடித்துக் கொடுத்தார். பாதம் பணிதல் ஆறு இடத்தில், கருணைக்கடல் மூன்று இடத்தில். மூன்று பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். தபாலில் சேர்த்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவள் மாதிரி நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பத்து நாள் போனது. பதில் இல்லை. கிடைத்தது என்று ஒரு வரிகூட இல்லை. மாதம் பாதியைத் தாண்டிவிட்டது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து கமலம் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினாள். கையில் பெட்டிஷனின் கார்பன் பிரதி.

"மிஸ், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டதுக்கு அப்புறம் சொல்றேன்."

"அவரு பிள்ளைகுட்டியெல்லாம் நூறு வருஷம் வாழணும்னு நாங்க தினமும் பிரார்த்திக்கிறதா இதுல இருக்கு. அவருக்குப் பிள்ளை இருக்கான்னே நமக்குத் தெரியாது."

"பெட்டிஷன்னா அப்படித்தான் இருக்கும்."

"பெட்டிய எடுத்தா என்ன ஆகும்னு ஒரு வரி இல்ல மிஸ். நாங்க படிப்ப நிறுத்தப் போறோம்னு எங்கயும் இல்ல. நமக்கு என்ன வேணும்ங்கறதே ரெண்டாம் பக்கத்துல கடைசியில வருது." பிரதியை நாலாக மடித்தாள். "அப்ப மூணு மாசமா எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

எனக்கு முகம் எரிந்தது. அவ்வளவு திமிரா என்று கத்தியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. "நாளைக்குப் பேசலாம், போ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்தப் பிள்ளை கேட்டதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. இளைய நண்பர்களே, உங்களிடமும் ஒரு நாள் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கும். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போங்கள். பதிலை மறுநாள் சொல்லுங்கள்.

மறுநாள் பதினொரு பெண்களையும் உட்காரவைத்து, "நான் பயந்துபோய் ஒரு தப்பு செய்துவிட்டேன். இன்னொரு கடிதம் எழுதுவோம், இந்தத் தடவை நாமே எழுதுவோம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கமலம் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள்.

முதல் கேள்வி, யாருக்கு எழுதுகிறோம்? ரயில் போக்குவரத்தைப் பார்க்கும் துரைக்கு. இரண்டாவது, அவர் எதை நம்புகிறார்? பெண்கள் பெட்டியில் ஆள் ஏறுவதில்லை என்று நம்புகிறார். ஏன் நம்புகிறார்? கமலம், "நான் கேட்டுட்டு வரேன்" என்றாள். கிள்ளானில் இருந்த டிக்கெட் கலெக்டர் நம் ஆள்தான், அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். மறுநாள் காலை ரயிலிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தாள். "மிஸ், ஆளை எண்ணினது எப்ப தெரியுமா? நம்ம ஸ்கூல் லீவுல. அந்த ஒரு வாரம்தான் எண்ணியிருக்காங்க."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பள்ளியில் அதெல்லாம் கூடாது, இருந்தாலும்.

அப்படியானால் நாமும் எண்ணுவோம் என்று முடிவானது. கிள்ளான் பெண்கள் மூவரும் ஐந்து நாள், காலையும் மாலையும், அந்தப் பெட்டியில் யார் யார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதினார்கள். அதற்கு முன் அவர்கள் அந்தப் பெட்டியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தவர்கள், பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் தோட்டத்துப் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, வெற்றிலை கொண்டுபோகும் இரண்டு பேர், பத்து தீகாவில் ஏறும் ஒரு மருத்துவச்சி. பெஞ்சு நிறைந்து சிலர் நின்றுகொண்டு வந்த நாளும் இருந்தது.

மூன்றாவது கேள்வியில் எல்லோரும் வழக்கம்போல் வழுக்கி விழுந்தார்கள். நமக்கு என்ன வேண்டும்? பெண் கல்வி வளர வேண்டும் என்றாள் ஒருத்தி. பெண் குலம் தலைநிமிர வேண்டும் என்றாள் இன்னொருத்தி. நான் மேசையைத் தட்டித் தட்டிக் கை சிவந்தது. கமலம் அந்தக் கேள்வியை ரயிலுக்குக் கொண்டுபோனாள். மருத்துவச்சியிடம், "அக்கா, இந்தப் பெட்டி விஷயத்துல உங்களுக்கு என்ன வேணும்? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லையாம். "உக்காந்து போகணும், உக்காந்து வரணும். ராத்திரியெல்லாம் பிரசவம் பாத்துட்டு, ஆம்பிளைங்க முழங்கையில இடிபட்டுக்கிட்டு நிக்க முடியாது. வேறென்ன?"

அதுதான் கடிதத்தின் முதல் வாக்கியமாக ஆனது. இடிபடாமல் உட்கார்ந்து போகவும் வரவும் இந்த ரயிலில் பெண்களுக்கு ஒரு பெட்டி வேண்டும். அதற்குக் கீழே ஐந்து நாள் பட்டியல். அதற்குக் கீழே, உங்கள் ஆட்கள் எண்ணிய வாரம் பள்ளி விடுமுறை வாரம். அதற்குக் கீழே, பெட்டியை எடுத்தால் முதல் தேதியிலிருந்து படிப்பை நிறுத்தப்போகும் மூன்று பேரின் பெயர். பிறகு ஒரு வரி: இதே விஷயமாக முன்பு மிகப் பணிவாக ஒரு கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. நான் பயந்து செய்த தப்பைக் கமலம் தூக்கி எங்கே வைத்தாள் பாருங்கள். அந்த இடத்தில் அது கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

கடைசி வரியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. 'பெட்டி திரும்ப வராவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவோம்' என்று போட்டிருந்தாள். அடித்துவிடு என்றேன்.

"ஏன் மிஸ்? பயமா?"

"பயம்தான். அதோட, இது வரைக்கும் நியாயம் பேசிட்டு இங்க வந்து கையை ஓங்கற. ஓங்கின கைய மட்டும்தான் அவரு பாப்பாரு."

"அப்ப எப்படித்தான் முடிக்கறது?"

"நீ யோசி. அவரு எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு உனக்கு ஆசை?"

முறைத்துக்கொண்டு போனாள். மறுநாள் வேறு ஒரு வரியோடு வந்தாள். 'இதை நாங்கள் பத்திரிகைக்கு அனுப்பவில்லை, ஏனெனில் உண்மை என்னவென்று தெரிந்தால் நீங்களே சரியானதைச் செய்வீர்கள் என்று நம்புகிறோம்.' நான் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மரியாதையும் இருந்தது, பத்திரிகையும் இருந்தது, கை மட்டும் ஓங்கவில்லை. அதில் நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

கையெழுத்துக்கு மூன்று பெண்கள் போதாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். பெட்டியில் வருகிற எல்லோரிடமும் கடிதத்தைத் தமிழிலும் மலாயிலும் படித்துச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மற்றவர்கள் கைநாட்டு வைக்க மை வேண்டுமே. கமலம் போய் டிக்கெட் கலெக்டரின் மேசைக்கு எதிரே நின்றாளாம். அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "நான் அந்தப் பக்கம் போய் விளக்கைப் பாத்துட்டு வரேன். நான் எதையும் குடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரயில்வே மையிலேயே ரயில்வேக்குக் கைநாட்டு. மருத்துவச்சி இரண்டு கட்டைவிரலையும் வைத்திருந்தார். ஒன்று போகும்போது, ஒன்று வரும்போது என்றாராம்.

தலைமையாசிரியைக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனமில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "விஷயத்துக்குள் போயிருக்கிறாய்" என்றார். ஆமாம் என்றேன். பள்ளியின் பெயர் அதில் வரக்கூடாது என்றார், வரவில்லை என்றேன். "மூன்று பேரையும் இழக்க எனக்கும் விருப்பமில்லை. போ" என்றார். திங்கட்கிழமை நானே கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ரயில்வே ஆபீசில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை கமலத்தின் பெயருக்கு அழைப்பு வந்தது. கடிதம் எழுதியவர் மாலையில் நேரில் வரவேண்டும். கமலத்தோடு நான் போனேன். அண்ணன் வேலை பார்த்த அதே கட்டடம். படியேறும்போது எங்காவது அவர் கண்ணில் படுவேனோ என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். கமலம் சும்மா ஏறிப் போனாள்.

துரை உயரமான மனிதர், வெயிலில் வெந்து சிவந்த முகம். எங்களை உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டி, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார்.

"நாங்கள் எழுதினோம், சார்" என்றாள் கமலம்.

"ஆள் எண்ணியது என்னுடைய கிளார்க். அவர் பொய் சொன்னார் என்கிறாயா?"

ஆமாம் என்றால் இலாகாவை அவமதித்தவள். இல்லை என்றால் கடிதம் பொய். நான் வாயைத் திறப்பதற்குள் கமலம் சொன்னாள்.

"இல்லை, சார். அவர் சரியாகத்தான் எண்ணினார். எண்ணிய வாரம்தான் தப்பு."

துரை கடிதத்தைப் புரட்டி, கைநாட்டுப் பக்கத்தைப் பார்த்தார். பத்திரிகை வரியில் அவர் விரல் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பெண்ணுக்கு இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்?"

கடிதத்தில் என் பெயர் இல்லை. நான் துணைக்கு வந்தவள் என்று சொல்லித் தப்பிக்கலாம். அண்ணனும் அண்ணியும் அந்தக் குவார்ட்டர்ஸும் கண் முன்னால் வந்து போயின. பக்கத்தில் அந்தப் பிள்ளை நேராக நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் இன்னொரு தடவை பயந்து வராந்தாவுக்கு ஓடியவளாக ஆக என்னால் முடியவில்லை.

"நான்தான், சார். பாடத்திட்டத்தில் இருக்கிறது."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "தினமும் இருபது பெட்டிஷன் படிக்கிறேன். எல்லாவற்றிலும் நான் கடவுள். ஆள் எண்ணிக்கை எழுதியிருந்தது இது ஒன்றில்தான்" என்றார். மணியை அடித்துக் கிளார்க்கைக் கூப்பிட்டு, பள்ளி விடுமுறைத் தேதிகளைக் கொண்டுவரச் சொன்னார். எங்களுக்கு, போகலாம் என்று கையைக் காட்டினார். படியிறங்கியதும் இரண்டு பேரும் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கோப்பி குடித்தோம்.

சனிக்கிழமை, மாதத்தின் கடைசி வேலை நாள், கிள்ளான் ஸ்டேஷனில் பழைய அறிவிப்பின் மேல் புதியதை ஒட்டினார்கள். நாலே வரி. காலை மாலை ரயில்களில் பெண்கள் பெட்டி தொடர்ந்து இருக்கும். அண்ணன்தான் ஆபீசிலிருந்து செய்தி கொண்டுவந்தார். "யாரோ ஒரு டீச்சர் வந்து துரைகிட்ட நேருக்கு நேரா பேசினாளாம், ஆபீஸ் பூரா அதே பேச்சு" என்றார். "அப்படியா" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணியிடம் எனக்கு இன்னொரு அப்பளம் போடச் சொன்னார்.

திங்கட்கிழமைதான் முதல் தேதி. அந்தக் காலை ரயிலில் அவர்களோடு வரவேண்டும் என்பதற்காகவே ஞாயிறன்று கிள்ளானில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கினேன். ஸ்டேஷனில் மூன்று பெண்களும் ஒரு நாளும் இல்லாத அழகோடு நின்றார்கள். ரயில் வந்தது. பெண்கள் பெட்டி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

கமலத்தின் அப்பா வழக்கம்போல் அவளை ஏற்றிவிட வந்திருந்தார். நான் ஏறப்போகும்போது பக்கத்தில் வந்தார்.

"டீச்சரம்மா, கடுதாசியில பெட்டி மாட்டிட்டீங்க."

"நான் மாட்டல. உங்க மகதான் மாட்டினா."

சட்டைப் பொத்தானைத் திருகினார். "எங்க கடையில நாங்க ஒம்போது பேரு வேலை செய்யறோம். லீவுன்னு ஒரு நாள் கிடையாது. முதலாளி மோசமானவரு இல்ல, யாரும் கேட்டதில்ல, அதான். அந்த மாதிரி ஒண்ணு எங்களுக்கும் எழுதித் தரச் சொல்லுங்களேன்."

"நான் சொல்ல மாட்டேன். எழுதறவ அங்க நிக்கறா. நீங்களே கேளுங்க."

ஒரு மாதத்துக்கு முன் அவள் படிப்பை ஒரே வார்த்தையில் நிறுத்தவிருந்த மனிதர். பெட்டி வாசலில் நின்ற மகளிடம் போனார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. கமலம் சொன்னதுதான் கேட்டது.

"எழுதித் தரேன்ப்பா. முதல்ல உங்களுக்கு என்ன வேணும்? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க."

அவர் யோசித்தார். ரயில் கார்டு விசில் ஊதினார். பெட்டிக்குள்ளிருந்து மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாரத்துல ஒரு நாள் உக்காரணும்மா" என்றார்.

கமலம் புத்தகப் பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.